ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டி செய்யப்போகும் தம்பிக்கு

போர்டு வாங்கியாயிற்று, பாகங்களைப் பற்றவைத்தாயிற்று, பாட்டும் கேட்டாயிற்று. இப்போது அட்டைப்பெட்டி மூடியின் மேல் வயர்கள் பரந்து கிடக்க, ஆம்ப்ளிஃபயர் மேசையில் கிடக்கிறது. ‘இனி இதற்கு ஒரு பெட்டி பார்த்துப் போட்டுவிட்டால் முடிந்தது’ என்கிறாய். பெட்டிதான் பாதி வேலை. சர்க்யூட்டை யாரோ ஒரு பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். பெட்டிக்கான கணக்கை நீதான் போட வேண்டும்.

பெட்டி செய்யும்போது நான்கு கவலைகள் வரும்: உயிர், சூடு, உறுமல், அழகு. நான்கும் அடிக்கடி ஒன்றோடொன்று மோதும். மோதும்போதெல்லாம் நான் சொன்ன இந்த வரிசையிலேயே தீர்ப்புச் சொல். கீழே உள்ள அறிவுரைகள் எல்லாம் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டவை. தம்பி என்று கூப்பிட்டாலும் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1. வாங்குவதற்கு முன் பரப்பிப் பார்

பழைய செய்தித்தாளைத் தரையில் விரி. டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஹீட் சிங்க், வால்யூம் கன்ட்ரோல், பின்பக்க சாக்கெட்டுகள் என எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கு. டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கோடியிலும், இன்புட் சாக்கெட் எதிர்க்கோடியிலும், பவர் சப்ளை நடுவிலும் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவர் இறங்கவும் விரல் நுழையவும் வயர் வளையவும் இடம் விட்டு, சுற்றிப் பென்சிலால் கோடு போடு. அந்தக் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 2 செ.மீ. கூட்டிக்கொள். அதுதான் உன் பெட்டியின் அளவு.

உயரத்தை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ரேக் பெட்டிகளை ‘ஒரு யூ’, ‘இரண்டு யூ’ என்று விற்பார்கள். ஒரு யூ 44.45 மி.மீ., முகப்பின் அகலம் 482.6 மி.மீ., அதாவது 19 அங்குலம். 50 மி.மீ. உயரமுள்ள ஃபில்டர் கெப்பாசிட்டரை வைத்துக்கொண்டு, ஒல்லியாக அழகாக இருக்கிறதென்று ஒரு யூ பெட்டியை வாங்கினால் மூடி மூடாது.

2. முதல் பெட்டிக்குள் 230 வோல்ட்டை விடாதே

பழகும் காலத்தில் பெட்டிக்குள் மெயின்ஸ் மின்சாரமே வராத ஆம்ப்ளிஃபயராகத் தேர்ந்தெடு. டிபிஏ 3116 சிப் உள்ள சிறிய கிளாஸ் டி போர்டை 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் ஓட்டலாம். வீட்டு ஹாலுக்கு அந்தச் சத்தமே அதிகம். சூடும் குறைவு. அதை வைத்துத் துளை போட, மட்டம் பிடிக்க, வயரை ஒழுங்காகக் கட்டப் பழகிக்கொள். கை தவறினாலும் ஒரு போர்டோடு போகும்.

இந்த வகை போர்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு முனைகளிலும் சிக்னல் உண்டு. ‘மைனஸ் முனைதானே’ என்று நினைத்து அதைப் பெட்டியின் தகட்டோடு சேர்த்துவிடாதே. ஸ்பீக்கர் டெர்மினல் இரண்டும் தகட்டைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷரோடு உட்கார வேண்டும்.

3. காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்

தகடு வாங்கப் போகும்போது காந்தம் வேண்டும். காந்தம் ஒட்டுகிற இரும்புத்தகடு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஓரளவு தடுக்கும். அலுமினியம் அதைத் தடுக்காது. ஆனால் வெட்ட, துளைக்க, அராவ அலுமினியம்தான் சுலபம். வெப்பத்தைக் கடத்துவதில் சாதாரண இரும்பைவிட நான்கு மடங்கு கெட்டி. வீட்டில் கைக்கருவிகளோடு வேலை செய்கிறவனுக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடே போதும். டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்துவிட்டால் உறுமலைச் சமாளிக்கலாம். இரும்புதான் வேண்டுமென்றால் 18 கேஜ் தகடு எடு. ஏறத்தாழ 1.2 மி.மீ. கனம் இருக்கும். அதற்கு மெல்லியது டிரான்ஸ்ஃபார்மரின் கனத்தில் தொய்யும், மூடி அதிர்ந்து இரையும்.

எவர்சில்வர் டிஃபன் பாக்ஸைப் பார்த்ததும் ஆசை வரும். அது டிரில் பிட்டைத் தின்றுவிடும். சமையல் பாத்திரத்து எவர்சில்வரில் பெரும்பாலானதில் காந்தமும் ஒட்டாது. அவ்வளவு பாடுபட்டும் காந்தத் தடுப்பு கிடைக்காது. தகர பிஸ்கட் டப்பாவில் காந்தம் ஒட்டும், வெட்டவும் சுலபம். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்கு அது பொருத்தம். அமெரிக்காவில் சூ மோய் வடிவமைத்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை உலகம் முழுக்க ஆட்கள் பெப்பர்மின்ட் தகர டப்பாவில்தான் அடைத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிச் சுமக்கும் பலம் அதற்குக் கிடையாது.

4. மரம் வெளியே, உலோகம் உள்ளே

தேக்கில் ஒரு பெட்டி இழைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மரம் வெப்பத்தைக் கடத்தாது, இரைச்சலைத் தடுக்காது, எர்த் கொடுக்கவும் முடியாது. பழைய வால்வு ரேடியோக்களைத் திறந்து பார்த்திருந்தால் தெரியும்: மரக்கூட்டுக்குள் தனியாக ஒரு உலோகச் சேசிஸ் இருக்கும், பாகங்கள் எல்லாம் அதன்மேல்தான். நீயும் அப்படியே செய். அடி, முதுகு, நடு எல்லாம் தகடு, இரு பக்கமும் மேலும் மரம். ஹீட் சிங்க் மட்டும் மரத்துக்குப் பின்னால் ஒளியக் கூடாது. அக்ரிலிக் பெட்டி அடாப்டரில் ஓடும் சின்ன போர்டுக்குப் பரவாயில்லை, சூடான பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு ஆகாது.

5. காயலான் கடையை மதி

பழுதான டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், பழைய யுபிஎஸ், கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஆகியவற்றின் கூடுகள் எடைக்குக் கிடைக்கும். யுபிஎஸ் கூடு டிரான்ஸ்ஃபார்மரைத் தாங்குவதற்கென்றே செய்த இரும்பு. டிவிடி பிளேயரின் அடித்தகடு மெல்லிசு. 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வரை தாங்கும், அதற்கு மேல் அடியில் ஒரு தகட்டுப் பட்டை கொடு. வாங்கும்போது அடித்தகட்டைக் கையால் அழுத்திப் பார். மூடித் திருகுகளின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார். பெயிண்ட்டுக்கு அடியில் துரு கிளம்பியிருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடு.

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போனால் 5.1 ஆம்ப்ளிஃபயர் கேபினெட் தயாராகவே கிடைக்கும். வால்யூம், பேஸ், டிரபிள், யுஎஸ்பி பேனல் எல்லாவற்றுக்கும் துளை போட்டிருப்பார்கள். அவசரத்துக்கு நல்லது. உன் டிரான்ஸ்ஃபார்மரையும் ஹீட் சிங்க்கையும் கையோடு கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடு.

6. சூட்டைக் கணக்குப் போடு, குத்துமதிப்பாகப் பார்க்காதே

கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. பிளஸ், மைனஸ் சப்ளையில் ஒரு பக்க வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கு. ஸ்பீக்கர் ஓமை 5-ஆல் பெருக்கி, வந்ததால் வகு. ஒரு சேனலில் எழக்கூடிய உச்ச வெப்பம் வாட்டில் கிடைக்கும். எல்எம் 3886 சிப்பை பிளஸ் மைனஸ் 28 வோல்ட்டில், 8 ஓம் ஸ்பீக்கரோடு ஓட்டுகிறாய் என்று வை. 28 × 28 = 784. அதை 40-ஆல் வகுத்தால் 19.6 வாட். இரண்டு சேனலுக்கு 40 வாட். அதே ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வெப்பம் இரட்டிப்பாகி 80 வாட் ஆகிவிடும். நாளைக்கு யாராவது 4 ஓம் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டுவார்கள் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்.

இந்த உச்ச வெப்பம் முழுச் சத்தத்தில் வருவதில்லை. முழுத் திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் வெளியே போகும்போதுதான் வருகிறது. அதனால் ‘நான் பாதி வால்யூமுக்கு மேல் வைக்கவே மாட்டேன்’ என்று சொல்லிச் சின்ன ஹீட் சிங்க் போடுவது கணக்குத் தெரியாத பேச்சு.

ஹீட் சிங்க்கை ‘ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி’ என்று அளப்பார்கள். அந்த எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 40 வாட்டுக்கு 0.75 டிகிரி ஹீட் சிங்க் போட்டால், அறையின் சூட்டுக்கு மேல் 30 டிகிரி ஏறும். புத்தகத்தில் அறைச்சூட்டை 25 டிகிரி என்று போட்டிருப்பான். மே மாதத்து வேலூருக்கு 40 என்று போட்டுக்கொள். ஆக 70 டிகிரி. கை வைக்க முடியாது, ஆனால் சிப் பிழைக்கும். பாட்டில் ஏற்ற இறக்கம் இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது. கணக்கு மட்டும் கெட்ட நாளுக்கானதாக இருக்க வேண்டும்.

7. காற்றுக்கு வாசல் இரண்டு

மேலே மட்டும் துளை போட்டால் காற்று நகராது. சூடான காற்று மேலே போக, கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைய வேண்டும். அடித்தகட்டில் ஹீட் சிங்க்குக்கு நேர் கீழே ஒரு வரிசை, மூடியில் நேர் மேலே ஒரு வரிசை. ஹீட் சிங்க்கின் இதழ்கள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கப்போட்டால் இடையில் காற்று தேங்கிவிடும். பெட்டியின் ரப்பர் கால்கள் குறைந்தது 10 மி.மீ. உயரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அடித்துளைகள் இருந்தும் இல்லாத கணக்கு.

துளையின் அளவு 3 மி.மீ. போதும். எண்ணிக்கையைக் கூட்டு, அளவைக் கூட்டாதே. நம் வீடுகளில் கரப்பானும் பல்லிக்குஞ்சும் சூடான இடம் தேடி வரும். இரண்டு முனைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் ஒரு பல்லி ஃபியூஸைப் போக்கும், சில நேரம் போர்டையும் சேர்த்து. பெரிய துளைகள் ஏற்கெனவே இருந்தால் உள்பக்கம் கொசுவலைக் கம்பி வைத்துத் திருகு. மெயின்ஸ் சுவிட்ச்சுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கும் நேர் மேலே ஒரு துளைகூட வேண்டாம். பின்னூசி விழும், பூஜைத் தண்ணீர் சொட்டும்.

8. எந்தச் சிப்பின் முதுகில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்

பவர் டிரான்சிஸ்டரின் உலோக முதுகு சும்மா இருப்பதில்லை. 2என் 3055-இன் முழு உடம்பும் கலெக்டர். 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 இரண்டின் முதுகும் கலெக்டர். டிடிஏ 2030, டிடிஏ 7294, எல்எம் 3886 ஆகியவற்றின் முதுகு மைனஸ் சப்ளை. எல்எம் 3886-இல் பெயரின் கடைசியில் ‘டிஎஃப்’ என்று இருந்தால் மட்டும் முதுகு பிளாஸ்டிக் மூடியது. இவற்றை அப்படியே ஹீட் சிங்க்கில் திருகி, ஹீட் சிங்க்கைப் பெட்டியில் திருகினால் பெட்டி முழுக்க மைனஸ் 28 வோல்ட் நிற்கும்.

ஆகவே மைக்காத் துண்டோ சிலிக்கான் பேடோ வை. திருகுக்கு பிளாஸ்டிக் புஷ் போடு. மைக்காவுக்கு இருபுறமும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவு. வழியும்படி அப்பினால் வெப்பம் கடத்துவது குறையும். ஹீட் சிங்க் துளையின் விளிம்பில் பிசிர் இருந்தால் அது மைக்காவைக் கிழிக்கும். விரலால் தடவிப் பார்த்து, பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகிப் பிசிரை எடு. எல்லாம் மாட்டியபின் மல்டிமீட்டரில் சிப்பின் முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே பார். பீப் சத்தம் வரக் கூடாது. கறுப்பு ஆனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஒரு கீறல் விழுந்தால் அதன் காவல் போயிற்று. அதை நம்பி மைக்காவை விடாதே.

9. டொராய்டின் நடுத்திருகு மூடியைத் தொடக் கூடாது

வட்டமான டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரில் காந்தக் கசிவு குறைவு. ஆடியோக்காரர்கள் அதை விரும்புவதற்கு அதுவே காரணம். அதை நடுவில் ஒரே நீளத் திருகு போட்டு அடித்தகட்டில் பிடிப்பார்கள். அந்தத் திருகின் தலை மேல்மூடியையும் தொட்டால் என்ன ஆகும் என்று யோசி. அடித்தகடு, திருகு, மூடி, பக்கச்சுவர் நான்கும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி மூடிய ஒரு வளையம் ஆகிவிடும். அது ஷார்ட் ஆன ஒரு சுற்று செகண்டரி. அந்த ஒரு சுற்றில் எழுவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால் தகட்டின் தடை மில்லி ஓம் கணக்கு என்பதால் ஓடுவது நூற்றுக்கணக்கான ஆம்பியர். ஃபியூஸ் போகும். சரியான ஃபியூஸ் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

அதனால் திருகின் நுனிக்கும் மூடிக்கும் நடுவே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி விடு. யாராவது மூடியின் மேல் கனமான டிவிடி பிளேயரைத் தூக்கி வைத்தால் மூடி அமுங்கும், அதற்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளி.

சதுரமான ஈ-ஐ டிரான்ஸ்ஃபார்மர் மலிவு, கசிவு அதிகம். அதை உடனே திருகிவிடாதே. வயரைச் சற்று நீளமாக விட்டு, ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, காய்ந்த மரக்கட்டையால் தள்ளித் தள்ளித் திருப்பிப் பார். ஒரு கோணத்தில் ஸ்பீக்கரின் உறுமல் சட்டென்று குறையும். ஆஃப் செய்துவிட்டு, அந்தக் கோணத்திலேயே துளைக்குக் குறி போடு. இந்த வேலையின்போது மெயின்ஸ் முனைகள் எல்லாம் ஸ்லீவ் போட்டு மூடியிருக்க வேண்டும்.

10. மெயின்ஸ் நுழையும் மூலை தனி

கம்ப்யூட்டர் கேபிள் மாட்டும் மூன்று முள் சாக்கெட், ஃபியூஸ் உள்ளதாகப் பார்த்து வாங்கு. வயரை நேரடியாகத் துளை வழியாக உள்ளே விட்டால் தகட்டின் விளிம்பு நாளடைவில் இன்சுலேஷனை அறுக்கும். அப்படித்தான் விட வேண்டியிருக்கிறதென்றால் ரப்பர் குரோமெட் போட்டு, இழுத்தாலும் வராதபடி கிளாம்ப் வை. முடிச்சுப் போட்டு விடுவது கிளாம்ப் ஆகாது.

வரிசை இதுதான்: லைவ் வயர் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச், பிறகு டிரான்ஸ்ஃபார்மர். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய கேபிளாக இருந்தால் சிவப்பு, கறுப்பு, பச்சை. 160 விஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் இழுப்பது 0.7 ஆம்பியர். டொராய்டு ஆன் ஆகும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் 1.6 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போடு. ஃபியூஸ் போனால் அதே அளவு மாற்று. சிகரெட் டப்பா ஜரிகையைச் சுற்றுகிற பழக்கம் உன்னோடு நிற்கட்டும். ஒவ்வொரு பற்றவைப்பின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு.

11. எர்த்துக்கு ஒரு திருகு, அதற்கு வேறு வேலை இல்லை

உலோகப் பெட்டிக்குள் 230 வோல்ட் வந்தால் எர்த் கட்டாயம். மெயின்ஸ் சாக்கெட்டின் பக்கத்திலேயே ஒரு எம்4 திருகு போடு. அந்த இடத்தில் பெயிண்ட்டை வட்டமாகச் சுரண்டி உலோகம் பளபளக்க வை. ஆனோடைஸ் செய்த அலுமினியமும் அப்படியே, பளபளப்பாகத் தெரிந்தாலும் மேல்பூச்சு மின்சாரம் கடத்தாது. பச்சை-மஞ்சள் வயரின் நுனியில் வளைய லக் கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து, நட்டை முறுக்கி, அதன்மேல் இன்னொரு நட்டு. டிரான்ஸ்ஃபார்மரையோ போர்டையோ பிடிக்கும் திருகில் எர்த்தைக் கட்டாதே. நாளைக்கு யாரோ அதைக் கழற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும்.

மூடி, முகப்பு, பின்தகடு தனித்தனித் துண்டுகளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எர்த் போகிறதா என்று மீட்டரில் பார். பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து பெட்டியின் எந்த மூலைக்கும் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். அந்த முள் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். உறுமல் போகிறதென்று அந்த முள்ளைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உயிருக்குப் பிறகுதான் உறுமல்.

12. உறுமலின் சத்தத்தைக் கேட்டே காரணம் சொல்லலாம்

தாழ்ந்த, உருண்டையான உறுமல் என்றால் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் கசிவோ எர்த் வளையமோ இன்புட் வயரோ காரணம். சற்று உயர்ந்த, சுரசுரப்பான இரைச்சல் என்றால் 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபயருக்குப் பின் வரும் அலை கிரவுண்டில் கலக்கிறது என்று பொருள்.

கிரவுண்டுகளை ஏன் ஒரே புள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள்? ஒரே குழாயில் மூன்று வீடு தண்ணீர் பிடித்தால் கீழ்வீட்டுக்காரர் திறக்கும்போதெல்லாம் மாடியில் தண்ணீர் ஒடுங்கும். அதுபோல ஸ்பீக்கரின் பெரிய மின்னோட்டமும் இன்புட்டின் சிறிய சிக்னலும் ஒரே கிரவுண்ட் வயரில் போனால் பெரியது சிறியதை ஆட்டும். எனவே இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டரும் சேரும் இடத்திலிருந்து ஒரு கனமான வயர் எடுத்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவா. ஸ்பீக்கர் ரிட்டர்ன், ஒவ்வொரு சேனலின் கிரவுண்ட் எல்லாம் தனித்தனி வயராக அந்தப் புள்ளிக்கு வரட்டும். அங்கிருந்து ஒரே ஒரு வயர் பெட்டியின் எர்த்துக்கு. இன்புட் ஆர்சிஏ சாக்கெட்டுகள் தகட்டைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷரில் உட்கார வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பு மட்டும் தகட்டோடு சேரலாம்.

இத்தனைக்குப் பிறகும் கம்ப்யூட்டரையோ டிவியையோ இணைக்கும்போது மட்டும் உறுமினால், கடைசியாகச் சொன்ன அந்த ஒற்றை வயரின் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 35 ஆம்பியர் பிரிட்ஜ் மூன்றையும் இணையாகப் போடும் முறை இருக்கிறது. பெட்டியின் எர்த் அப்படியே இருக்கும், சிக்னலின் கிரவுண்ட் மட்டும் சற்று விலகி நிற்கும். முதலில் நேராகவே இணை. தேவைப்பட்டால் மட்டும் இது.

13. வயருக்கு வழி பிரித்துக் கொடு

மெயின்ஸ் வயரும் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி வயரும் முறுக்கிய ஜோடியாக, பெட்டியின் மூலையை ஒட்டிப் போகட்டும். இன்புட்டுக்கு ஷீல்டு வயர், எதிர்ப்பக்கமாக. இரண்டும் குறுக்கிட வேண்டியிருந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும், ஒட்டி ஓடக் கூடாது. வால்யூம் கன்ட்ரோலை முகப்பில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து நீள வயர் இழுப்பதைவிட, அதைப் பின்பக்கம் இன்புட்டை ஒட்டியே வைத்து, நீளத்தண்டு மாட்டி முகப்புக்குக் கொண்டுவரலாம். புளூடூத் மாட்யூல் வைத்தால் அதன் ஆன்டெனா நுனி உலோகத்துக்குள் அடைபடக் கூடாது. முகப்பில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் விடு.

14. துளை போடுவதற்குக் கையைவிடக் காகிதம் முக்கியம்

துளைகளின் இடத்தை உண்மை அளவில் காகிதத்தில் வரைந்து, தகட்டில் ஒட்டு. ஒவ்வொரு மையத்திலும் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு. பஞ்ச் இல்லாமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கிக் கோடு கிழித்துக்கொண்டு போகும். எல்லாத் துளையும் முதலில் 2.5 மி.மீ., பிறகு பெரிதாக்கு. எம்3 திருகு நுழைய 3.2, மரை வெட்ட 2.5. எம்4-க்கு 4.3, மரைக்கு 3.3. வால்யூம் கன்ட்ரோலையும் சாக்கெட்டையும் வெர்னியரால் அளந்த பிறகே துளை. பெரிய வட்டத்துக்குப் படிப்படியான ஸ்டெப் டிரில், சதுரத்துக்கு ஓரம் முழுக்கச் சிறு துளைகள் போட்டு அரத்தால் அராவு. அலுமினியத்தில் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பிட்டில் ஒட்டாது. தகட்டுக்குக் கீழே மரக்கட்டை வை, தகட்டைக் கிளாம்ப்பில் பிடி, கையால் பிடிக்காதே. கண்ணாடி போட்டுக்கொள். உலோகத் தூளை உள்ளே இருந்து முழுக்கத் துடைத்த பிறகுதான் போர்டு உள்ளே போக வேண்டும்.

15. முகப்பைக் கடைசியில் செய்

பவுடர் கோட்டிங் கொடுக்க நினைத்தால் எல்லாத் துளையும் போட்டு, வெறும் தகடாகக் கொடு. அதை 180 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பார்கள். எர்த் இடங்களை டேப் ஒட்டி மறைக்கச் சொல். எழுத்து குறைவாக இருக்கட்டும்: ஆன், வால்யூம், இன்புட். நீல எல்இடி இருட்டில் கண்ணைக் குத்தும், ரெசிஸ்டரைக் கூட்டி மங்கலாக்கு.

16. ஸ்பீக்கருக்கு மெயின்ஸ் பிளக் வேண்டாம்

மைக் செட்டில் பழகிய சிலர் ஸ்பீக்கர் வயரில் இரண்டு முள் மெயின்ஸ் பிளக்கை மாட்டி, பெட்டியில் அதற்கான சாக்கெட் வைப்பார்கள். என்றைக்காவது ஒரு பிள்ளை அந்தப் பிளக்கைச் சுவரில் செருகும். சிவப்பு, கறுப்பு பைண்டிங் போஸ்ட் வாங்கு. இரண்டுக்கும் நடுவே 19 மி.மீ. விடு, பனானா பிளக் ஜோடிக்கு அதுதான் வழக்கமான அளவு.

17. முதல் மின்சாரம் பல்பு வழியாக

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் பல்பு போர்டு உனக்கும் வேண்டும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, இழை உள்ளது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. அதன் வழியாக ஆம்ப்ளிஃபயரை ஆன் செய். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் நிறைந்தது, சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்து. மங்கியபின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கரை மாட்டலாம்.

ஆஃப் செய்த உடனே உள்ளே கை வைக்காதே. ஒவ்வொரு 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருந்தால் சுமார் 2 நிமிடத்தில் அது காலியாகும். மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வை.

18. மூடியின் உள்பக்கம் ஒரு தாள்

சர்க்யூட் படம், ஃபியூஸ் அளவு, டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட், எந்த வயர் எங்கே போகிறது என்று எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டு. பின்பக்கம் வெளியே ‘230 வோல்ட், ஃபியூஸ் 1.6 ஆம்பியர்’ என்று எழுது. ஐந்து வருடம் கழித்துத் திறக்கப்போவது நீயாகவே இருந்தாலும் உனக்கே நினைவிருக்காது.

19. கொடுத்த பிறகும் ஒருமுறை போய்ப் பார்

உன் பெட்டி உன் மேசையில் நன்றாக ஓடும். அத்தை வீட்டுக்குக் கொடுத்தால் அங்கே அது டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் பலகை அடைத்த இடத்துக்குப் போகும். தூசி படியாமல் இருக்க மேலே ஒரு பூ வேலைப்பாட்டுத் துணி விழும். நீ ராத்திரி பகலாகப் போட்ட காற்றுத் துளைகள் அனைத்தும் அந்த ஒரு துணியில் அடைபடும். அதனால் கொடுத்த வாரத்திலேயே ஒரு நடை போ. ஒரு மணி நேரம் ஓடியபின் மூடியைத் தொட்டுப் பார். சுவரில் உள்ள சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார். பின்பக்கம் நான்கு விரல் இடம் விட்டுப் பெட்டியை முன்னே இழுத்து வை. அத்தை காபி கொண்டுவந்து வைப்பதற்குள் அந்தத் துணியை மடித்துக் கையில் கொடுத்து, இது வேறு எதற்காவது ஆகட்டும் என்று சொல்லிவிடு.